உச்சிக்கிளையிலிருந்து ஒரு வெற்றிலை டின்

வேலாயிக்கு வெற்றிலை இல்லாமல் பொழுது நகராது. மாசம் ஏழானதும் அந்த ஆசை இன்னும் கூடிப்போயிற்று. கல்யாணமாகி ஆறு வருசத்தில் இரண்டு தங்கிக் கலைந்து, மூன்றாவதாக நின்ற கரு இது. அதனால் அவள் கேட்டதற்கு நல்லமுத்து மறுபேச்சுப் பேசுவதில்லை. பொண்டாட்டிதாசன் என்று வரிசை வீடுகளான லயமே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

இங்கிலாந்து ராணி இலங்கைக்கு வந்து போன வருசம் அது. வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரங்களுக்குக் கிளை கழிக்கிற வேலை அவனுக்கு. கொழுந்துக் கூடை சுமக்க வேண்டாமென்று, வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா மனமிரங்கி, அவளை அதே மலையில் வெட்டிய கிளை ஒதுக்க விட்டிருந்தார். புருசன் மரத்தின் மேலே, பெண்டாட்டி கீழே. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வெற்றிலை டின், அதற்குள் ஒரே பாக்குவெட்டி.

அதற்கு அவர்கள் ஒரு வித்தை பழகி வைத்திருந்தார்கள். வேலாயி டின்னை நேரே மேலே வீசுவாள். அது போகப்போக வேகம் குறைந்து, போவதா திரும்புவதா என்று யோசிக்கிற மாதிரி ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் நல்லமுத்து அதை அலுங்காமல் எடுத்துக்கொள்வான். வெற்றிலை போட்டு முடித்து அவன் டின்னைக் கைவிட்டால், இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கை இவள் விரித்துப் பிடிப்பாள். தொப்பென்று வந்து உட்காரும்.

"புருசனும் பொண்டாட்டியும் சர்க்கஸா காட்டுறீங்க? டிக்கட்டு போட்டா ஹட்டன்ல இருந்தே ஆளு வரும்டி!" என்பாள் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக் காளியாயி. வேலாயிக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

அன்றைக்கு ஓடையோரத்துக் கிழட்டுச் சவுக்கின் முறை. மலையிலேயே உயரமான மரம். அத்தனை உயரத்துக்கு வீச வேலாயியால் ஆகாது என்று, நல்லமுத்து டின்னை மடியில் கட்டிக்கொண்டே ஏறினான். மேலே அனுப்ப அவ்வளவு பலம் வேண்டுமென்றால், கீழே வரும்போது அந்தப் பலம் முழுக்க அதோடு வந்து சேருமே! அந்தக் கணக்கு மட்டும் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

"என்னங்க! வாயி நமநமங்குது. டின்னப் போடுங்க!"

"ரொம்ப ஒசரமா இருக்கே புள்ள. எறங்கி வந்து தரவா?"

"அதே டின்னுதானே! தெனம் புடிக்கிறதுதானே! சும்மா போடுங்க."

அதே டின்தான். பாரமும் அதேதான். ஆனால் விழுகிற பொருளின் வேகம் முழத்துக்கு முழம் கூடிக்கொண்டே போகும், ஆள் பார்த்து இரக்கப்படாது.

வேலாயி காலை அகட்டி நின்று, வயிற்றுக்கு முன்னால் படங்கை விரித்தாள். மேலே புள்ளியாய்த் தெரிந்த டின் மெதுவாகத்தான் கிளம்பியது. அதன் நேர்கீழே போக அவள் அரை எட்டு வைத்தாள். வயிறு கனத்ததால் அந்த எட்டுக் கொஞ்சம் குறைந்துபோனது. அதற்குள் முகத்தில் காற்று அறைந்தது. காலடியில் வேட்டுப் போட்டது போல ஒரு சத்தம்.

முதலில் அவளுக்கு வெட்கம்தான் வந்தது.

"புடிச்சியா?"

"இல்லீங்க, தவறிருச்சு!"

"புள்ளத்தாச்சி ஆனதும் கை மந்தமாயிருச்சு போ!" மேலேயிருந்து சிரிப்புக் கேட்டது.

அவளும் சிரித்துக்கொண்டேதான் குனிந்தாள். காலடிப் பாறையில் டின் நசுங்கிக் கிடந்தது. சுண்ணாம்பு தேயிலைச் செடியெல்லாம் தெறித்திருந்தது. எந்தக் கொட்டைப்பாக்குக்கும் அசையாத இரும்புப் பாக்குவெட்டி ஆணி தெறித்து இரண்டாகிக் கிடந்தது. வேலாயியின் சிரிப்பு நின்றது. அப்போதுதான் தன் படங்கைப் பார்த்தாள். டின் சும்மா தவறிப் போகவில்லை. சாக்கின் விளிம்பைத் தொட்டுத்தான் போயிருந்தது. இரண்டாக மடித்துக் கட்டிய சாக்கு ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. கிழிசலுக்கும் வயிற்றுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தால் அதிகம்.

இரண்டு கையும் தானாக வயிற்றைப் பொத்திக்கொண்டன. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் உட்கார்ந்ததை மேலேயிருந்து கண்டு பயந்து, நெஞ்சு தேய நல்லமுத்து சறுக்கி இறங்கினான். அவள் கிழிந்த சாக்கைத் தூக்கிக் காட்டினாள். அவன் சாக்கைப் பார்த்தான், பாறையைப் பார்த்தான், தான் இருந்த கிளையை அண்ணாந்து பார்த்தான். பாக்குவெட்டியின் இரண்டு துண்டையும் எடுத்து ஒன்றோடொன்று பொருத்தினான். ஆணி போனதில் அது நிற்கவில்லை. திரும்பத் திரும்பப் பொருத்தினான்.

"நாந்தான போட்டேன்... நானே போட்டேனே புள்ள..."

ஒருநாளும் அவன் மேல் கை நீட்டி அறியாத வேலாயி பளாரென்று அவன் கன்னத்தில் அறைந்தாள்.

"போடச் சொன்னா போட்டுருவீங்களா?"

சொன்னது யார் என்று அடுத்த கணம் நினைவு வந்தது. அதே கையைத் தன் கன்னத்துக்கு ஓங்கினாள். நல்லமுத்து எட்டிப் பிடித்துக்கொண்டான். பிடித்த கையை விடாமல், இரண்டு பேரும் அந்தப் பாறையோரத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார்கள்.