பெரியம்மாவின் சாவுக்கு முந்நூறு நாற்காலி

எங்கள் விடிவெள்ளி கால்பந்துக் கழகம் மேல் பிரிவுக்குப் போவதற்கு கோல் எதுவும் குறையவில்லை. முந்நூறு இருக்கைகள்தான் குறைந்தன.

லீக் விதிமுறைகளின் இருபத்தொன்றாம் பக்கத்தில் அது இருந்தது. மேல் பிரிவில் ஆடும் அணியின் திடலில் பார்வையாளர்களுக்குக் கூரையோடு முந்நூறு இருக்கைகள் வேண்டும். எங்கள் திடல் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் இரண்டு அடுக்குமாடி ஃபிளாட்டுகளுக்கு நடுவே இருக்கிறது. ஓரத்தில் ஒரு தகரக் கூரை உண்டு, அதன் கீழ் இருக்கை ஒன்றும் இல்லை. பார்வையாளர்கள் மாடியில் துணி காயப்போடும் கம்பிக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். கோல் விழுந்தால் சில நேரம் மேலிருந்து கைதட்டல் வரும், சில நேரம் தண்ணீர் வரும். அந்த ஃபிளாட்டுகள்கூட எங்களுடையவை அல்ல. நாங்கள் குடியிருப்பது மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம் தள்ளி.

நான் டேரில். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. கழகத்தின் செயலாளர். மின்னஞ்சல் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் போட்டியின்றித் தேர்வானேன். தலைவர் இராயப்பன் அங்கிள், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் கழக அறையில் ஒரு ஸ்டேடியத்தின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். பதினைந்தாயிரம் பேர் உட்காரலாம். அதில் கார் நிறுத்துமிடமே எங்கள் திடலைவிடப் பெரியது.

"மேல போனாத்தான்லா நெலம் கேட்டு லெட்டர் போட முடியும்," என்பார். "கீழ கெடக்குறவனுக்கு எவன் ஸ்டேடியம் கட்டிக் குடுப்பான்?"

ஆனால் எனக்கு ஸ்டேடியத்தைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. லோகேஸ்வரன் அண்ணனைப் பற்றித்தான். அவர் எங்கள் கேப்டன். ஜுருவில் கார் பட்டறையில் வேலை. வயது முப்பத்து நான்கு, அவருடைய வலது முட்டிக்கு மட்டும் அறுபது. இரண்டு வருடம் இரண்டாவதாக வந்து, இந்த வருடம்தான் முதலாவதாக வந்தோம். அடுத்த வருடத்தோடு விளையாட்டை நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஒரே ஒரு மேட்ச்டா டேரில்," என்றார் என்னிடம். "மேல் டிவிஷன்ல ஒரே ஒரு மேட்ச். எம்மவ நாற்காலில உக்காந்து பாக்கணும். அது போதும்."

விதிமுறையை மறுபடி படித்தேன். இருக்கைகள் இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. அவை யாருடையவை என்று எழுதவில்லை.

எங்கள் ஃபிளாட்டில் முந்நூறு நாற்காலி வைத்திருந்தது மரண உதவிச் சங்கம் மட்டும்தான். அதன் செயலாளர் பக்கிரிசாமி அங்கிள். நாற்காலி சாவுக்கு மட்டும்தான் போகும். கல்யாணத்துக்குக் கிடையாது, பிறந்தநாளுக்குக் கிடையாது, தீபாவளி விருந்துக்கும் கிடையாது. சாவு வீட்டில் போட்டதை நல்ல காரியத்தில் போட்டால் துக்கம் கூடவே வரும் என்பது அவர் கட்சி. ஒருமுறை தேர்தல் கூட்டத்துக்கு நாற்காலி கேட்டு வந்தவர்களிடம், "யாரு செத்தா?" என்று கேட்டிருக்கிறார். யாரும் சாகவில்லை என்றதும் கதவைச் சாத்திவிட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திடலைச் சோதிக்க லீக் அதிகாரி வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான் பக்கிரிசாமி அங்கிள் வீட்டுக்குப் போனேன்.

"அங்கிள், எங்க பெரியம்மா தவறிட்டாங்க."

அவர் என் தோளில் கை வைத்தார். "எந்தப் பெரியம்மாப்பா?"

இறந்தவர் பெயரை எழுத ஒரு நோட்டு வைத்திருந்தார். அதை நான் யோசித்து வந்திருக்கவில்லை. வாயில் வந்த பெயர் அமலம்மாள். ஊர் கேட்டார். பைராம் தோட்டம் என்றேன். தீவிலிருந்து பாலம் தாண்டி, நிபோங் திபாலுக்குப் பக்கத்தில். அவ்வளவு தூரம் யாரும் சரிபார்க்கப் போக மாட்டார்கள் என்பது என் கணக்கு. அமலம்மாள் என்று எனக்கு உண்மையிலேயே ஒரு பெரியம்மா அங்கே இருக்கிறார். அந்த நேரத்தில் அவர் வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாராம். பிறகு தெரிந்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ," என்று நாற்காலி அறைச் சாவியைக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. "தோட்டத்துல சனம் நெறைய வரும்."

அப்போதே குற்ற உணர்வு வந்தது. ஹெல்மெட் போடாமல் கடைக்குப் போகும்போது வருமே, அந்த அளவில். சனிக்கிழமை மாலைக்குள் திருப்பி வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். லோகேஸ்வரன் அண்ணன் பட்டறை லோரியைக் கொண்டுவந்தார். சங்கம் கொடுத்தது என்று மட்டும் சொன்னேன்.

"பக்கிரிசாமியா? பந்துக்கா குடுத்தான்?" என்றார் இராயப்பன் அங்கிள். "மனுசன் தங்கம்லா."

"ஆமா அங்கிள்," என்றேன்.

திடலில் ராமதாஸ் அண்ணன் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடமாக எங்களுக்கு அவர்தான் கோடு போடுகிறார். அவருடைய மனைவி ருக்குமணி அக்காதான் எங்கள் ஜெர்சிகளைத் துவைப்பது. நாங்கள் நாற்காலிகளை இறக்கியதை ராமதாஸ் அண்ணன் பார்த்துவிட்டு, "ஸ்டேடியமே வந்துருச்சு போல," என்று சிரித்தார்.

மறுநாள் விடிந்ததுமே திடலுக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு நாற்காலியின் சாய்மானத்திலும் சங்கத்தின் பெயர் எழுதியிருந்தது. அதன்மேல் எங்கள் கழகச் சின்னம் அச்சடித்த தாளை ஒட்டிக்கொண்டிருந்தபோது பக்கிரிசாமி அங்கிள் அழைத்தார்.

"டேரில், உன் துக்கத்துல தொந்தரவு பண்றேன். நம்ம ராமதாஸ் போயிட்டான்பா. தூக்கத்துலயே. ரெண்டு மணிக்கு எடுக்குறாங்க. சனம் இப்பவே வந்துருச்சு, உக்கார எடமில்ல. வாடகைக்குக் கேட்டேன், சனிக்கெழம, எல்லா நாற்காலியும் கல்யாணத்துக்குப் போயிருச்சு. ஒரு அம்பது மட்டும் திருப்பி அனுப்ப முடியுமா?"

முந்நூறிலிருந்து ஐம்பதைக் கழித்தேன். கல்லூரிப் படிப்பு அதற்குப் பயன்பட்டது.

"முடியாது அங்கிள்," என்றேன். "இங்க எல்லாத்துலயும் சனம் உக்காந்திருக்கு."

என் முன்னால் முந்நூறு நாற்காலியும் காலியாக இருந்தன.

"சரிப்பா, சரி. உக்காந்தவங்கள எழுப்பக் கூடாது," என்றார். "நானே வந்து உங்க பெரியம்மாவுக்கு மரியாதை செஞ்சுட்டு, கூட்டம் கொறைஞ்சிருந்தா கேட்டு எடுத்துக்கிறேன்."

"வேணாம் அங்கிள், தூரம்..." என்பதற்குள் வைத்துவிட்டார். திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்திருக்கலாம். அப்போது இராயப்பன் அங்கிள் அழுதுகொண்டே வந்தார். ராமதாஸ் அண்ணன் செய்தி அவருக்கும் வந்திருந்தது. சோதனை முடிந்ததும் எல்லாரும் நேராகச் சாவு வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். லோகேஸ்வரன் அண்ணன் எல்லார் கையிலும் கறுப்புத் துணி கட்டிவிட்டார். எனக்கும் கட்டினார். நான் கையை நீட்டினேன்.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். பெயர் நூர் முகம்மது. நல்ல தமிழ் பேசினார். ஒவ்வொரு நாற்காலியையும் பேனாவால் தொட்டு எண்ணினார். முந்நூறு. கூரையை அண்ணாந்து பார்த்தார். திடலில் இறங்கி நடந்தார்.

"கோடு யாரு போட்டது? ரூலர் வச்ச மாதிரி இருக்கு."

"இன்னைக்குக் காலைல தவறிட்டாரு சார்," என்றார் இராயப்பன் அங்கிள்.

நூர் முகம்மது ஃபைலை மூடி, தலை குனிந்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதினார். வெயில் ஏறியிருந்தது. அவர் எழுந்தபோது எங்கள் சின்னத் தாள் வியர்வையில் ஒட்டி அவர் சட்டை முதுகோடு எழுந்துபோனது. அவர் திரும்பி நாற்காலியைப் படித்தார்.

"மரண உதவிச் சங்கம்." என்னைப் பார்த்தார். "இது என்னா தம்பி?"

"எங்க ஸ்பான்சர் சார்."

"நல்ல ஸ்பான்சர்தான். ஆள் கொறையவே மாட்டாங்க," என்று சொல்லி டிக் அடித்தார்.

அவர் கார் கிளம்பியதும் லோகேஸ்வரன் அண்ணன் என்னைத் தூக்கிவிட்டார். அந்த முட்டியோடு. "டேரில், ஒன்னாலதான்டா," என்றார். சாவு நாள் என்பது ஞாபகம் வந்து கீழே இறக்கினார். என் போன் அடித்தது. பெரியம்மா.

"டேய், நான் செத்துட்டேனா?"

நான் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றேன்.

"வாசல்ல ஒருத்தர் லோரியோட நிக்கிறாரு. கையில சிலுவை மாதிரி மலர்வளையம். அதுல என் பேரு போட்டிருக்கு. அமலம்மாள் வீடு இதானான்னாரு. நான்தான் அமலம்மாள்னேன். அப்படியே படியில உக்காந்துட்டாரு."

"தண்ணி குடுங்க பெரியம்மா."

"குடுத்தேன். பலகாரமும் குடுத்தேன். நாற்காலி கேட்டு வந்தாராம். ஏன்டா, என் சாவுக்கு எத்தன நாற்காலி எடுத்த?"

"முந்நூறு."

"அவ்ளோ பேரா வருவாங்க?" என்றார், குரல் சற்று மாறி.

பிறகு போன் கை மாறியது. பக்கிரிசாமி அங்கிள் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"நாற்காலி எங்கப்பா இருக்கு?" என்றார்.

"பாடாங்ல அங்கிள். பந்து வெளையாடுற எடத்துல."

"ராமதாஸ் வீட்டுக்குக் கொண்டு போ. நான் வர ஒரு மணி நேரமாவும். எல்லாம் நிக்கிறாங்க."

லோரியில் ஏற்றினோம். சங்கம் ராமதாஸ் அண்ணன் வீட்டுக்கு நாற்காலி கேட்கிறது என்று மற்றவர்களிடம் சொன்னேன். அன்று நான் அவர்களிடம் சொன்னவற்றில் அதுதான் முதல் உண்மை, அதுவும் பாதி.

எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். பெண்கள் மாடிப்படியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் நிறுத்தியிருந்த மோட்டார்களில் சாய்ந்து நின்றார்கள். ருக்குமணி அக்கா சிமெண்டுத் தரையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என் இரு பக்கமும் இராயப்பன் அங்கிளும் லோகேஸ்வரன் அண்ணனும் ஆளுக்கு நாலு நாற்காலியோடு நின்றார்கள்.

"டேரில், உன் பெரியம்மாவும் போயிட்டாங்களாமே. பக்கிரிசாமி அண்ணே காலைல சொன்னாரு. உங்க வீட்டு சாவ விட்டுட்டா எங்களுக்கு நாற்காலி கொண்டாந்த?" அவர் குரல் உடைந்தது. "ரெண்டு பேருக்கும் ஒரே நாளா வரணும்? அவங்க காரியத்துக்கு நான் வர முடியாதேப்பா. அவங்க வீட்டுல சொல்லிரு."

"எந்தப் பெரியம்மா?" என்றார் லோகேஸ்வரன் அண்ணன்.

நான் தலையாட்டினால் போதும். புதிதாகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. பழைய பொய் தானாகவே நிற்கும். சோதனைத் தாள் இராயப்பன் அங்கிளின் சட்டைப்பையில் இருந்தது. பக்கிரிசாமி அங்கிள் வந்தால்கூட இவ்வளவு பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். அவர் அப்படிப்பட்டவர்தான்.

அக்கா என் கையை விடவில்லை.

"பெரியம்மா சாகலக்கா," என்றேன். "நாற்காலி கேட்டா பந்துக்குத் தரமாட்டாருன்னு அப்படிச் சொன்னேன். காலைலேருந்து எல்லாம் பாடாங்லதான் இருந்துச்சு. சும்மா. அங்கிள் அம்பது கேட்டாரு. நான்தான் முடியாதுன்னுட்டேன்."

"காலைலயா?"

"ஏழரைக்கு."

அவர் கையை எடுத்துக்கொண்டார். கோபமாக எடுக்கவில்லை, மறந்துபோய் வைத்திருந்ததை எடுப்பதுபோல எடுத்தார்.

"அவரோட அக்கா முட்டிவலிக்காரி," என்றார். "கீழ உக்காந்தா எந்திரிக்க முடியாதுன்னு ஆறு மணிலேருந்து நிக்கிறா. போய் அவளுக்கு ஒண்ணு போடு."

தூணைப் பிடித்தபடி நின்ற அந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டேன். மெதுவாக உட்கார்ந்து, என் கன்னத்தைத் தொட்டு, "நல்லா இருப்பா," என்றார். அவருக்குக் காது அவ்வளவாகக் கேட்காது.

திரும்பி வந்தபோது இராயப்பன் அங்கிள் சோதனைத் தாளைக் கையில் வைத்திருந்தார். நாலாக மடித்திருந்ததைப் பிரித்துப் பார்த்தார், மறுபடி மடித்தார்.

"லீக்குக்கு எழுதுலா," என்றார்.

"என்னன்னு அங்கிள்?"

"நாற்காலி நம்மளுது இல்லன்னு. சாவு வீட்டுலேருந்து ஏமாத்தி எடுத்ததுன்னு. ஒன் பேரப் போட்டு எழுது." பிறகு கேப்டனைப் பார்த்தார். "லோகா, ஆடுறவன் நீ. நீ வேணாம்னு சொன்னா அனுப்பல."

லோகேஸ்வரன் அண்ணன் கையிலிருந்த நாற்காலிகளைக் கீழே வைத்தார். நான் லோரி ஓரமாக நின்று போனில் எழுதினேன். கல்லூரியில் பத்துப் பக்கக் கட்டுரையை ஒரு மணி நேரத்தில் எழுதுவேன். இந்த நாலு வரிக்கு அதைவிட அதிக நேரம் ஆனது போலிருந்தது. எழுதி லோகேஸ்வரன் அண்ணனிடம் நீட்டினேன்.

அவர் படித்தார். முதலிலிருந்து மறுபடி படித்தார். கறுப்புத் துணி கட்டிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் அவருடைய மனைவியும் மகளும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள், அவர் அங்கே பார்க்கவில்லை. கட்டை விரலால் ஒருமுறை அழுத்தினார். மின்னஞ்சல் போனதற்கு போன் 'ஸ்விஷ்' என்றது.

போனை என் கையில் தரவில்லை. லோரியின் பின்பலகையில் வைத்தார்.

"அண்ணே..." என்றேன்.

"இன்னும் எறநூறுக்கு மேல இருக்கு," என்றார். "எறக்கு."

ஏறினேன். நாலு நாலாக எடுத்து இறக்கினேன். யாரும் கைகொடுக்க வரவில்லை.