அசைகிறதா?

அவன் கட்டிலோரம் குனிந்து, அவளுடைய வயிற்றுக் கட்டுக்குச் சற்று மேலே காதை வைத்துக்கொண்டிருந்தான்.

"அசையுதாங்க?"

"அசையுதாவா? உங்கப்பா மாதிரி உள்ள நின்னு சத்தம் போடுது."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"மருந்து மயக்கம். உனக்கு உன் காலே தெரியல, பிள்ள காலா தெரியும்?"

பிள்ளையின் இதயம் நின்றுவிட்டதென்று டாக்டரம்மா அவனைத் தனியே அழைத்துச் சொன்னது காலையில். தாய்க்கும் ரத்தத்தில் விஷம் ஏறியிருக்கிறது, பார்க்கலாம் என்றார். அவளிடம் நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கி வந்தான். இருவரும் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில், ஓயாத பேச்சால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். இந்தச் செய்தி மட்டும் வாசிக்க வரவில்லை.

நான்கு நாளைக்கு முன் அங்கேதான் துணிக்குப் போடும் கஞ்சி அண்டா, கொதிக்கக் கொதிக்க அவள் மேல் சரிந்தது. சூடு பட்டால் ஆறிய கஞ்சியை அள்ளிப் பூசிக்கொண்டு அடுத்த சட்டையை எடுப்பதுதான் அந்தக் கூடத்து வைத்தியம். அப்படி ஆறிய தழும்புகள் அவன் கையில் பதினொன்று. அந்தத் தைரியத்தில் அவள் வயிற்றிலும் பூசினான். ஆஸ்பத்திரி மருந்து பிள்ளைக்கு ஆகாது என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஏழு மாதப் பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாது என்று இரண்டு கஞ்சி நிபுணர்கள் கூடிப் பேசியதில் இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் காய்ச்சலில் அவளுக்கு வாய் குழறியபோதுதான் ஆட்டோ பிடித்தான்.

"பேரு யோசிச்சீங்களா?"

"பொண்ணுன்னா உன் இஷ்டம். பையன்னா என் பேரு மட்டும் வேணாம். வாயாடியாப் போயிடுவான்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. பஞ்சை நனைத்துத் தடவினான்.

"இன்னொரு வாட்டி கேட்டுச் சொல்லுங்க."

கேட்டான். அவனுடைய மூச்சுதான் அவனுக்குக் கேட்டது.

"தூங்குது."

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி. எழுப்பாதீங்க."

மதியம் அவளுடைய இதயத்துடிப்பைக் காட்டிய கருவியின் கோடு தரையோடு தரையாகப் படுத்தது. ஓடி வந்தவர்கள் அவனை ஓரமாக நிறுத்தினார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். டாக்டரம்மா மட்டும் நின்று மெல்லக் கேட்டார்.

"பிள்ளையப் பத்தி அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

அவன் பஞ்சை நனைத்து அவள் உதட்டில் தடவினான்.

சற்றுக் கழித்து, தரை துடைக்கும் அம்மாள் வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுப்பா."

அவன் காதில் விழவில்லை. அவள் இன்னொரு முறை சொல்லாமல், அவனைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள். அறை முழுக்க ஈரம். அவன் நின்ற இடம் மட்டும் காய்ந்து கிடந்தது.