ஏழாவது வீடு

"பூஜ்யத்திலிருந்து பத்துக்குள், உங்க வாழ்க்கையில எவ்வளவு திருப்தி?" என்று நானூறு வாசல்களில் கேட்டிருந்தாள் கணக்கெடுப்புக்காரி. அவளை அப்படிக் கேட்கத்தான் நாதியில்லை. நகரத்தின் மனநலத்தை அளந்து விருது வாங்கத் துடித்த அவள் அலுவலக இயக்குநர், மேசையில் அதற்கு இடம்கூட ஒதுக்கிவிட்டார். இவளோ ரெண்டும் மூணுமாகக் கொண்டுவந்து கொட்டினாள்.

கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இந்த அம்மா மூஞ்சியப் பாத்தா யாருக்குத்தான் சந்தோஷம் வரும்? வீட்ல உக்காந்தே எழுதியிருப்பாங்க." சிரிப்பு அடங்கியதும் ஒரு விதி போட்டார். இனி இரண்டுக்குக் கீழே எண் வந்தால், அவரே அந்த வீட்டுக்கு நேரில் போய்த் திரும்பக் கேட்பார். போனதில்லை. நாற்காலியில் சாய்ந்தபடியே ஒன்றை எட்டாக்கினார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாள். ஏழு வீட்டுக்கு ஒரு வீடு என்பது முறை. ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழாவது வீட்டு வாசலில் இயக்குநரின் பெயர்ப்பலகை பளபளத்தது.

அவர் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே, "அஞ்சு போட்டுக்கோம்மா. அவருக்குத் தெரிய வராதே?" என்றாள்.

"பேரே எழுத மாட்டோம்க்கா." கேள்வியைத் தவிர வேறு பேசக்கூடாது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அதை மீறினாள். "ரெண்டுக்குக் கீழ வந்தா மட்டும் சார் நேர்ல வந்து கேப்பாரு."

"கேப்பாரா? இருபது வருஷத்துல ஒருநாளும் கேட்டதில்லையே." அந்த அம்மாள் ஈரத்துணியை உதறித் தோளில் போட்டாள். "ஒண்ணு போடு."

அந்தத் தாளை மட்டும் கணக்கெடுப்புக்காரி அலுவலகத்தில் கொடுக்காமல் கைப்பையில் வைத்திருந்தாள்.

விருதுக் குழுவிலிருந்து வந்த ஆய்வாளர் அம்மாள், "நேர்ல போய் சரிபாக்கிறீங்களாமே, அதுதான் எங்களுக்குப் பிடிச்சது. ஒரு வீடு போய்ப் பாக்கலாமா?" என்றார். இயக்குநர் அசடு வழிந்தார். கணக்கெடுப்புக்காரி தாளை நீட்டினாள். அதில் ஒன்று என்ற மதிப்பெண்ணும் வரிசை எண்ணும்தான், முகவரி இல்லை. வழி அவளுக்குத்தான் தெரியும்.

"இடப்பக்கம்ணே," என்றாள் டிரைவரிடம். பின்சீட்டில் இயக்குநர் மனித மகிழ்ச்சியைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். மருந்துக்கடையைத் தாண்டியதும் குரல் தேய்ந்தது. தண்ணீர்த்தொட்டி திருப்பத்தில், "வேற தெருவுக்குப் போலாமே," என்றார்.

"விதி நீங்க போட்டதுதானே சார்."

கதவு திறந்தது. மனைவி அவரைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அறிமுகமில்லாதவரிடம் சொல்வதுபோல, "வாங்க, கேளுங்க," என்றாள்.

ஆய்வாளர் அம்மாள் குறிப்பேட்டை விரித்தார். இயக்குநரின் விரல் முதல் வரியிலேயே நின்றது. கணக்கெடுப்புக்காரி தன் பேனாவின் மூடியைக் கழற்றி, பணிவாக அவரிடம் நீட்டினாள்.