முழங்காலளவு தண்ணீர்

எங்கள் மூன்று பேரில் வழி எழுதுகிறவன் நான்தான். எந்த ரோட்டில் போவது, எங்கே நிழல், எந்த ஊரில் பஞ்சர் ஒட்டுகிறவன் இருக்கிறான், எந்தக் கடையில் டீ வாயில் வைக்கிற மாதிரி இருக்கும் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மற்ற இரண்டு பேரையும் கிளப்பிக்கொண்டு சைக்கிளில் புறப்படுவேன். பாணி என்கிற என்னை யாகூப் ‘ரோடு மேஸ்திரி’ என்று கிண்டல் செய்வான். கண்ணையன் ஒன்றும் சொல்ல மாட்டான். நான் எழுதிய வழியில் பேசாமல் மிதிப்பான். அவன் செத்துப் பதினாலு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு நான் அந்த நோட்டைத் தொடவில்லை.

யாகூப்தான் மறுபடியும் தொட வைத்தான். 1954 மார்கழியில் ஒரு சாயங்காலம். பெரிய மார்க்கெட்டில் இருக்கும் தன் கைலிக் கடையிலிருந்து வந்து, டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“காணும் பொங்கலுக்கு ஒரு ரவுண்டு போவலாம் பாணி. வில்லியனூரு, மங்கலம், ஏம்பலம், பாகூரு. ஏரியில தண்ணி ரொம்பிக் கெடக்காம், பறவையெல்லாம் வந்துட்டுதாம். பாத்துட்டு அப்பிடியே அரியாங்குப்பம் வழியா ஊருக்குள்ள வந்துடலாம். போன வழியில திரும்பவே கூடாது.”

“பாக்கலாம்” என்றேன்.

“என்னாத்த பாக்கறது? இப்பதான் சாவடி இல்லியே! எவன் நம்மள கேக்கப் போறான்?”

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பிரெஞ்சுக்காரன் காலத்துப் புதுச்சேரி ஒரே துண்டு அல்ல. பிரெஞ்சு ஊர் இரண்டு, நடுவில் இந்திய ஊர் ஒன்று, அப்புறம் மறுபடி பிரெஞ்சு ஊர் என்று கலந்து கிடந்தது. எல்லை வருகிற இடத்தில் சுங்கச் சாவடி. எங்கள் ஊரில் வெளிநாட்டுச் சைக்கிள் மலிவு என்பதால், வெளியே போகிற ஒவ்வொரு சைக்கிளின் எண்ணையும் எழுதிக்கொண்டு ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். எந்தச் சாவடி வழியாகப் போனோமோ அதே சாவடி வழியாகத்தான் திரும்ப வேண்டும். வேறு சாவடியில் போய் நின்றால் சைக்கிள் பறிபோகும், ஆளும் உள்ளே உட்கார வேண்டியிருக்கும். அதனால் எத்தனை தூரம் போனாலும் பார்த்த மரத்தையே மறுபடி பார்த்துக்கொண்டு வந்த வழியே திரும்புவோம். ஒரு முழு வட்டம் அடிக்க வேண்டும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் வெகுநாள் ஆசை.

அந்த வட்டத்துக்கு வழி கண்டுபிடித்தவன் நான். நான் பத்திரம் பதிகிற நொத்தேர் ஒருவரிடம் எழுத்தராக இருக்கிறேன். நிலப் பத்திரங்களை நகலெடுப்பது என் வேலை. ஒரு பழைய பத்திரத்தோடு இருந்த வரைபடத்தில், அரியாங்குப்பம் பக்கத்துச் சாவடிக்கு மேற்கே ஆற்றின் குறுக்காகப் புள்ளி வைத்து ‘நடைத்துறை’ என்று எழுதியிருந்தது. அங்கே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தால் இரண்டாவது சாவடியே குறுக்கே வராது. மறுநாள் முதல் சாவடியில் போய்ச் சைக்கிளைக் காட்டினால் நாலு வசவு விழும், எழுதி வைத்திருந்த எண்ணை அடித்துவிடுவார்கள். கண்டுபிடித்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கண்ணையனிடம்தான் முதலில் சொன்னேன். அன்று யாகூப் சரக்கு எடுக்க வெளியூர் போயிருந்தான். கண்ணையனுக்கு மில்லில் மறுநாள் விடுமுறை. “நான் மொதல்ல போயி பாத்துட்டு வரேன், அடுத்த வாரம் மூணு பேரும் போவலாம்” என்றான். நான் வழியை எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். அதை வாங்கி மடித்துக்கொண்டே கேட்டான்.

“தண்ணி எவ்ளோ இருக்கும்?”

“மொழங்காலளவு” என்றேன்.

நான் அந்த ஆற்றில் இறங்கியதில்லை. அந்த இடத்தைப் பார்த்தது கூட இல்லை. வரைபடம் எந்தக் கோடையில் போட்டதோ, அதற்குப் பிறகு ஆறு எங்கெங்கே குழி பறித்ததோ, எனக்கு என்ன தெரியும்? மாதமோ ஐப்பசி. ‘தெரியாது’ என்று சொல்ல வாய் வரவில்லை. பத்துத் தடவை இறங்கி ஏறியவன் மாதிரி, டீயை ஊதிக்கொண்டே சொன்னேன். அவன் நம்பினான். நான் சொன்ன எதை அவன் நம்பாமல் இருந்தான்?

இரண்டாம் நாள்தான் உடல் கிடைத்தது. சைக்கிளையும் தூக்கிக் கரையில் போட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த காகிதம் என்ன ஆயிற்றென்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு காகிதம் இருந்ததே யாருக்கும் தெரியாது. சாவடியை விட்டு விலகி, சைக்கிளோடு ஆற்றில் இறங்கியவன் வேறென்ன செய்திருப்பான்? கடத்தல்காரன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு பொருளும் அகப்படவில்லை. அதற்கும் ஊரில் பதில் இருந்தது. ஆற்றோடு போயிருக்கும் என்றார்கள். ஒருவன் பிராந்தி என்றான், இன்னொருவன் கைக்கடிகாரம் என்றான். வெற்றிலை பாக்குக்கு மேலே ஒரு பழக்கம் இல்லாதவன் கண்ணையன்.

நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் போலீசுக்குப் பயந்தேன். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தேன். போன ஐப்பசியில் பிரெஞ்சுக் கொடியை இறக்கி, சாவடிகளை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு பயப்பட ஒரு காரணமும் பாக்கி இல்லை. ஆனாலும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்லாமல் இருப்பது பழகிவிட்டது. இதை எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

டீக்கடையில் யாகூப் விடவில்லை. “கண்ணையன் ஆசைப்பட்டது தானடா இது. அவனுக்காகப் போவலாம்” என்றான். பிறகு கிளாசைக் கீழே வைத்துவிட்டு, “அன்னிக்கு அவன் ஏன்டா ஆத்துல எறங்கினான்? அல்லா சத்தியமா எனக்கு இன்னும் வெளங்கல” என்றான்.

நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கொளஞ்சிகிட்ட சொல்லிட்டேன். எந்த வழியா போறீங்கன்னு கேட்டுச்சு. ஞாயித்துக்கெழம நீ போயி வழியச் சொல்லிட்டு வா” என்று எழுந்து போய்விட்டான்.

கொளஞ்சி கண்ணையனின் மனைவி. மில்லுக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளில், மாமியார் ஆயம்மாவோடும் மகன் பலராமனோடும் இருக்கிறாள். வாரத்துக்கு ஒரு தடவை நான் அங்கே போவேன். பையனுக்குப் பிஸ்கோத்து வாங்கிக்கொண்டு போய், ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்துவிடுவேன். நல்ல மனிதன் என்று அக்கம்பக்கத்தில் எனக்குப் பேர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போனபோது அவள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பையன் பக்கத்தில் மண்ணைக் குவித்துக்கொண்டிருந்தான். நோட்டை விரித்தேன். வில்லியனூர் என்று ஆரம்பித்து, ஏம்பலத்தோடு நோட்டை மூடிவிட்டேன்.

“இருக்கட்டும்ணே, எனக்கு என்னா ரோடு தெரியும்” என்றாள். “அந்த எடத்துகிட்ட நின்னு ஒரு சூடம் ஏத்திட்டு வாங்க. நான் கேக்கறது அவ்ளோதான்.”

உள்ளேயிருந்து ஆயம்மாவின் குரல் வந்தது. “ஆமா, சூடம் ஏத்துவா! பொழுதோட வா, பொழுதோட வான்னு என் புள்ளைய வெரட்டினவ இவதான.”

கொளஞ்சியின் கை நின்றது. அவள் மாமியாருக்குப் பதில் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் என்னிடம்தான் சொன்னாள்.

“அது நெசந்தாண்ணே. அன்னிக்கு இவனுக்கு ஒடம்பு கொதிச்சிது. பொழுதோட வந்துடுங்கன்னு ரெண்டு வாட்டி சொன்னேன். அந்த அவசரத்துலதான் ஆத்துல எறங்கிட்டாரு. மெதுவா ரோட்டு வழியா வாங்கன்னு சொல்லியிருந்தா வந்திருப்பாரு. நான்தான் அனுப்பி வச்சிட்டேன்.”

இது எனக்குத் தெரியாது. ஊர் அவளைக் கடத்தல்காரன் பெண்டாட்டி என்பது தெரியும். மாமியார் கரித்துக்கொட்டுவது தெரியும். அவளே தன்னைக் கொலைகாரியாக நினைத்துக்கொண்டிருப்பது தெரியாது. வாரா வாரம் இந்த வாசலில் வந்து நின்றவனுக்கு அது தெரியவில்லை.

“இல்ல கொளஞ்சி” என்றேன். “அவன் அவசரத்துல எறங்கல. நான் எறங்கச் சொன்னேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். வரைபடத்தைச் சொன்னேன், கிழித்துக் கொடுத்த காகிதத்தைச் சொன்னேன், முழங்காலளவு என்றதைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அந்த எடத்துல எறங்கியிருக்கீங்களா?”

“இல்ல.”

“கரையில நின்னு பாத்தாச்சும் இருக்கீங்களா?”

“இல்ல.”

முறம் மடியிலிருந்து சரிந்து அரிசி வாசலெல்லாம் கொட்டியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“பதினாலு மாசம்” என்றாள். “தெனம் கண்ண முழிக்கும்போது நான்தான் கொன்னேன்னு முழிச்சிருக்கேன். இந்தப் புள்ள மூஞ்சியப் பாத்து ஒரு வாய் சோறு நிம்மதியா தின்னதில்ல. நீ வாரா வாரம் வந்து பிஸ்கோத்து குடுத்துட்டுப் போன.”

அதுவரை என்னை ‘நீங்க’ என்று சொன்னவள் அவள்.

ஆயம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள். “அவன் கேட்டானா? தண்ணி எவ்ளோன்னு உன்னக் கேட்டானா?”

“கேட்டாம்மா.”

கிழவி என்னைத் திட்டவில்லை. மெள்ள உட்கார்ந்து, மண்ணில் கிடந்த அரிசியைக் கையால் கூட்டி முறத்தில் போட ஆரம்பித்தாள். கொளஞ்சி அவளையே பார்த்தாள். கொளஞ்சியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

நான் எழுந்தேன். “நாங்க போவல கொளஞ்சி. யாகூப்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்.”

“ஏன், போவ மாட்டியா? ஒக்காரு” என்றாள். “நோட்ட எடு. நான் சொல்றேன் வழி.”

உட்கார்ந்தேன்.

“மொதல்ல பெரிய மார்க்கெட்டு. இன்னிக்கே போ. யாகூப் அண்ணன்கிட்ட சொல்லு. உன்கூட வரணுமா வேணாமான்னு அவரே முடிவு பண்ணட்டும்.”

எழுதினேன்.

“காணும் பொங்கலுக்கு எல்லாரும் ஊர்லதான் இருப்பாங்க. வில்லியனூருல எங்க பெரியப்பா ஊடு. கல்யாணத்துக்குக் கூப்பிட்டா அசிங்கம்னு எங்களை வுட்டுட்டாங்க. அங்க எறங்கி சொல்லு. ஏம்பலத்துல ஆதிமூலம்னு டீக்கடக்காரன். பிராந்தி பாட்டிலக் கட்டிக்கினு போனத கண்ணால பாத்தேன்னு ஊரெல்லாம் சொன்னவன் அவன்தான். அங்க டீ குடிக்கிறவங்க எல்லாரும் இருக்கறப்ப சொல்லு. பாகூருல எங்கப்பா. பதினாலு மாசமா இந்த வாசப்படிய மிதிக்கல. அவருகிட்ட நின்னு சொல்லு, சைக்கிள்ல ஒக்காந்துகினே சொல்லாத. அப்பறம் ஆத்தங்கரை. அவரத் தூக்கிப் போட்ட ஆளுங்க அந்தக் கரையோர ஊர்லதான் இருக்காங்க. கடத்தல்காரன் பொணம்னு மொகத்துல ஒரு துணி போடல. அவங்களக் கூப்புட்டு வச்சி சொல்லு.”

நான் எத்தனையோ வழி எழுதியிருக்கிறேன். நிழலும் டீக்கடையும் பார்த்து எழுதியவை. இதில் ஒவ்வொரு ஊரின் பேரை எழுதும்போதும் அங்கே நிற்கப் போகிற முகங்கள் எதிரே வந்தன. ஆனால் ஓர் ஊரைக் கூட விடவில்லை.

“அரியாங்குப்பம் வழியா ஊருக்குள்ள வந்துட்டா முடிஞ்சுது. அவ்ளோதானே?” என்றேன்.

“முடியல. கடைசியா இங்க வா. இவன்கிட்ட சொல்லு.”

பலராமன் ஆயம்மாவுக்கு உதவியாக ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“நாலு வயசுப் புள்ள. இவனுக்கு என்ன புரியும் கொளஞ்சி?”

“புரியாது. அடுத்த வருசம் வந்து சொல்லு. அதுக்கடுத்த வருசமும் வா. தண்ணி எவ்ளோன்னு எங்கப்பா கேட்டப்ப நீ ஏன் அப்பிடி சொன்னேன்னு இவன் எழுந்து நின்னு உன்னக் கேக்கற வரைக்கும் வருசா வருசம் வந்து சொல்லு.”

அதையும் எழுதிக்கொண்டேன்.