டச் பண்ணாத முகம்

கரையான்சாவடி திருவேங்கடத்துக்குச் சைகோனில் வேலை என்றதும் ஊர் ஒரு சுற்றுப் பெருமைப்பட்டது. அடுத்த சுற்றில் அவன் பெண்டாட்டி சொர்ணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. மதராஸ் ஜவுளிக் கம்பெனியின் கிடங்கில் துணிப் பேல் கட்டிக்கொண்டிருந்தவனை, சைகோன் கிளைக்கு மேஸ்திரியாக மாற்றியிருந்தார்கள். நம் ஊர் இங்கிலீஷ்காரன் கையில் என்றால் சைகோன் பிரெஞ்சுக்காரன் கையில். அங்கே இறங்கப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டின் மேல் விசா முத்திரை வேண்டும். சம்சாரத்தையும் கூட்டிப்போகலாம் என்று கம்பெனி சொன்னதும், "அந்த மூஞ்சியையா கப்பல் ஏத்தப்போறான்?" என்று ஊர் கேட்டது.

சொர்ணத்துக்குச் சின்ன வயதில் அம்மை வார்த்திருந்தது. நெற்றியிலிருந்து தாடை வரை தழும்பு. அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவர்களுக்கு, அவரவர் வீட்டுக் கண்ணாடியில் என்ன தெரிந்ததோ தெரியவில்லை.

கம்பெனி மானேஜர் ஜெயராமன் கறாராகச் சொல்லியிருந்தார். இருவர் காகிதமும் மறுநாள் காலையில் அவர் மேஜைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் திருவேங்கடம் மட்டும் கப்பலேற வேண்டியதுதான். அடுத்த லீவு மூன்று வருஷம் கழித்து. அவனுக்கோ கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மீதமிருந்த வேலை ஒன்றே ஒன்று. போட்டோவின் பின்பக்கம், 'இது இன்னாருடைய படம்தான்' என்று பூந்தமல்லி மாஜிஸ்டிரேட் கையெழுத்துப் போட வேண்டும்.

போட்டோ எடுத்தவர் பூந்தமல்லி சின்னப்பையன். பேர்தான் சின்னப்பையன், ஆசாமிக்கு அறுபது தாண்டிவிட்டது. கல்யாணப் பெண்களைப் படம் எடுத்தே பேர் வாங்கியவர். படம் பதிந்த கண்ணாடி பிளேட்டின் மேல் கூரான பென்சிலால் இழைத்து இழைத்து, மருவை மறைப்பார், கன்னத்துக் குழியை நிரப்புவார். அதற்கு 'டச்' என்று பேர். சொர்ணத்தின் முகத்துக்கும் யாரும் கேட்காமலே டச் பண்ணிக் கொடுத்தார். அதற்கென்று தனியாகக் காசுகூட வாங்கவில்லை.

படத்தைப் பார்த்துத் திருவேங்கடம் வாயைப் பிளந்தான். "இன்னா அண்ணாத்தே, சினிமாக்காரி கணக்கா கீறா!"

சொர்ணம் எட்டிப் பார்த்தாள். "யார் ஊட்டுப் பொண்ணு மாமா இது?"

"நீதாம்மே!"

"அப்டியா?" என்றாள். அந்த 'அப்டியா'வுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் புத்தி அவனுக்கு அப்போது இல்லை.

மாஜிஸ்டிரேட் கச்சேரியில் திருவேங்கடத்தின் படத்துக்கு உடனே கையெழுத்து விழுந்தது. அடுத்த படத்தை எடுத்தவர், அதையும் எதிரே நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதில் இருப்பது யாரப்பா?"

"எம் சம்சாரம் சாமி."

"பக்கத்தில் நிற்பது?"

"அதுவும் எம் சம்சாரந்தான் சாமி."

குமாஸ்தா சிரித்துவிட்டார். மாஜிஸ்டிரேட் சிரிக்கவில்லை. "சைகோனில் இறங்கும்போது, வேறு யாரையோ கூட்டி வந்திருக்கிறாய் என்று திருப்பி அனுப்பினால் என்ன செய்வாய்? இதற்கு நான் கையெழுத்துப் போட முடியாது. வேறு படம் கொண்டுவா. சாயங்காலம் வெளியூர் முகாமுக்குக் கிளம்புகிறேன். வர ஒரு வாரம் ஆகும்."

திருவேங்கடம் பதறிக் கும்பிட்டான். "அவதான் சாமி. கொஞ்சம் அழகா எடுத்துட்டாரு, அவ்ளோதான்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். பெண்டாட்டியின் பக்கம் திரும்பவே கூசியது. அழப்போகிறாள் என்று நினைத்தான்.

சொர்ணம் அழவில்லை. வெளியே கிளம்பினால் பாதி முகத்தை மறைத்து இழுத்துவிட்டுக்கொள்ளும் முந்தானையைத் தோளுக்குத் தள்ளினாள். "சாமி சொல்றதுதான் ஞாயம். எம் மூஞ்சி இதான். நீங்க கெளம்பறதுக்குள்ள இதையே எடுத்துகினு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

விஷயத்தைக் கேட்டதும் சின்னப்பையன் தலையில் கைவைத்துக்கொண்டார். "திரும்பப் படம் புடிச்சி, பிளேட்டு கழுவி, அது காயறதுக்குள்ள பொழுது பூடுமே அம்மாடி!"

"பழைய பிளேட்டு கீதா?"

"கீது."

"அது மேல போட்ட பென்சிலு அழியுமா?"

கிழவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "டர்பன்டைன் தொட்டுத் தொடச்சா அழிஞ்சிடும். ஆனா எம்மா நேரம் குந்திகினு போட்டேன் தெரியுமா? உனக்கு நல்லது பண்றதா நெனச்சிகினுதான்…"

"தெரியும் நைனா. நல்ல மனசோடதான் செஞ்சே. பஞ்சு குடு."

ஜன்னல் வெளிச்சத்தில் பிளேட்டைப் பிடித்துக்கொண்டு அவளே துடைத்தாள். பிளேட்டில் கறுப்பும் வெள்ளையும் தலைகீழ். முகம் இருட்டாகத் தெரியும். பென்சில் அழிய அழிய, அந்த இருட்டில் தழும்புகள் ஒவ்வொன்றாகப் பளிச் பளிச்சென்று வெளியே வந்தன. நெற்றி, மூக்கு, கன்னம் என்று ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கொண்டுவந்த பிறகுதான் பஞ்சைக் கீழே வைத்தாள்.

கடல் தாண்டிப் போகிற பெண்பிள்ளைக்குத் தான் துணை என்று இத்தனை நாள் திருவேங்கடம் மார்தட்டிக்கொண்டிருந்தான். இவள் கூட இல்லாமல் சைகோன் மண்ணில் கால் வைக்கத் தனக்குத்தான் தைரியம் இல்லை என்பது இப்போது தெரிந்தது. என்ன பெண்பிள்ளை இவள்! இவளையா ஊர் வாய் அப்படிப் பேசியது?

பிளேட்டையும் காகிதத்தையும் மரச் சட்டத்தில் சேர்த்து வைத்ததும், பின்கட்டு வெயிலில் படம் அச்சாகத் தொடங்கியது. வெயில் இறங்க இறங்க, சின்னப்பையன் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வெளிச்சம் போன பக்கமெல்லாம் போனார். கழுவியெடுத்த ஈரப் படத்தைச் சொர்ணம் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கச்சேரி வாசலுக்கு வந்தபோது, மாஜிஸ்டிரேட் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்.

அவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இந்த முறை அதிக நேரம் பார்க்கவில்லை. ஏறிய காலைக் கீழே வைத்துப் பேனாவைத் திறந்தார்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'அங்க அடையாளம்' என்ற இடம் காலியாக இருந்தது. குமாஸ்தா அதைக் கேட்கத் தயங்கி, அவளைப் பார்ப்பதும் காகிதத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"எழுதிக்கங்க சாமி," என்றாள் சொர்ணம். "முகத்துல அம்மைத் தழும்பு."

காகிதங்களை மடித்து மடியில் பத்திரப்படுத்திக்கொண்டு இருவரும் கரையான்சாவடிக்கு நடந்தார்கள். திருவேங்கடத்தின் சட்டைப் பையில் அந்த முதல் போட்டோ அப்படியே இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அதை வெளியே எடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"கச்சேரில வாய் தவறிட்டேம்மே. நீதான் அழகு."

"தெரியும், நட."

"இத இன்னா பண்றது?"

சொர்ணம் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள். "இந்த மூஞ்சியையா கப்பல் ஏத்தப்போறான்னு கேட்டாங்களே, அவங்ககிட்ட குடு. இவ இங்கியே கெடக்கட்டும் மாமா. டிக்கெட்டு எனக்குத்தான்."