அராவுஸ் பெட்டியின் கொசுறு

அராவுஸ் வீட்டுப் பெட்டியைத் துறைமுகத்தில் யாரும் பிரித்ததில்லை. மச்சாலாவில் வாழைப்பழம் ஏற்றுமதி செய்கிற மற்றவர்களின் பெட்டிகளை நாய் மோந்து பார்க்கும், கத்தி கிழிக்கும், போதைப்பொடி தேடிப் பழத்துக்கு நடுவே கை நுழையும். நீல முத்திரை போட்ட அராவுஸ் பெட்டி மட்டும் நேரே கப்பலேறும். எவெலியோ அராவுஸுக்குத் தகப்பனார் விட்டுப்போன சொத்துகளில் அதுதான் பெரிது.

அன்று காலை அந்தப் பெட்டிகளோடு நான்கு லாரிகள் துறைமுக வாசலில் மறிக்கப்பட்டு நின்றன. நாய்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

"உங்க பெட்டி எல்லாம் சிவப்பா காட்டுதுங்க ஐயா," என்று சோதனை அதிகாரி சம்ப்ரானோ தன் கைத்திரையைத் திருப்பிக் காட்டினார். "ஒவ்வொண்ணும் எடை கூட. எடை கூடினா நான் பிரிச்சே ஆகணும். உள்ள கூடுதலா இருக்கறது என்னன்னு யாருக்குத் தெரியும்?"

"பழம்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

பக்கத்து வரிசையில் லாரியோடு காத்திருந்த ஃபெர்மின் கார்சோன், இன்னொரு ஏற்றுமதிக்காரர், மீன் சூப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். "வாங்க எவெலியோ, எங்க வரிசைக்கு வாங்க! இத்தனை வருஷம் தனியா நின்னு கால் வலிச்சிருக்கும்."

எவெலியோ அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. மடிக்கணினியோடு லாரி ஓரம் நின்ற தன் கணினி ஆள் ஃபாப்ரிசியோவிடம் நடந்து போனார். இந்த அவமானத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவன் அவன்தான்.

முன்பெல்லாம் அலுவலகத்திலிருந்து சாயங்காலம் ஒரு பட்டியல் போகும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே எடை, விதிப்படியான எடை, எழுதியிருக்கும். ராட்டர்டாமில் வாங்குகிறவர் இனி அது போதாது, நடப்பது நடக்கும்போதே தெரியவேண்டும் என்றார். ஃபாப்ரிசியோ ஒரு கருவியை வாங்கிப் பூட்டினான். பழம் கட்டுகிற கொட்டகைத் தராசு, லாரியின் குளிர்நிலை, துறைமுக வாசல், வாங்குகிறவர் திரை எல்லாவற்றையும் அது ஒன்றாகக் கோத்தது. தராசில் பெட்டி உட்கார்ந்த மறுமூச்சில் கடலுக்கு அந்தப்பக்கம் எடை தெரியும். எவெலியோ அதற்கு வைத்த பெயர் குழாய். அன்றுதான் அது முதன்முதலாக ஓடியது.

"என்ன எழவைப் பண்ணி வெச்சிருக்க உன் குழாயில?"

"குழாய் சரியாத்தான் ஓடுது, முதலாளி. தராசு சொன்னதை அப்படியே அனுப்புது. பெட்டி ஏன் கனக்குதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"கொசுறுடா! மேலாப்புல வெக்கற கொசுறுச் சீப்பு!"

அவன் திரையிலிருந்து நிமிர்ந்தான். "எந்தக் கொசுறு?"

பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு சின்னச் சீப்பு மேலே வைப்பது தகப்பனார் காலத்து வழக்கம். கடல் குடிக்கிற எடைக்கு ஈடு, வாங்குகிறவருக்கு மரியாதை. எந்தப் பட்டியலிலும் அதை எழுதியதில்லை. எழுதினால் அது கொசுறா?

"எங்க வீட்டுச் சோத்தைத் தின்னு வளர்ந்தவனுக்குக் கொசுறு தெரியாதா?"

"எப்படித் தெரியும்? நான் கொட்டகைக்குள்ள கால் வெக்கக் கூடாதுன்னது யாரு?"

சொன்னவர் எவெலியோதான். ஃபாப்ரிசியோ அவருடைய செத்துப்போன தம்பி ரெமிஹியோவின் மகன். தம்பி மனைவி பியெதாத் பெற்றவனல்ல. மலையிலிருந்து வேலைக்கு வந்த ஒருத்தி பெற்றவன். தாய்வழிப் பெயரான தெனெசாகாதான் அவனுக்கு. பியெதாத் அடிக்கடி கொட்டகைக்கு வருவாள். ரெமிஹியோவை உரித்துவைத்த அந்த மூஞ்சி அவள் கண்ணில் படக்கூடாது. அதனால் அவனுக்கு அலுவலகத்தின் பின்னறை. படிக்கவைத்தார், சம்பளம் கொடுத்தார், பெயர் கொடுக்கவில்லை. அது நியாயம் என்றுதான் எவெலியோ இன்றைக்கும் நினைத்தார்.

"சரி, உடனே சரிபண்ணு."

"பண்ணலாம். ஒரு சீப்பு வரைக்கும் கூடுதல் எடை வீட்டு வழக்கம்னு உள்ள விதியா போட்டா, எல்லாம் பச்சையாயிடும்."

சம்ப்ரானோ கையை உயர்த்தினார். "நில்லுங்க. கூலிக்கு இருக்கறவன் விதியை மாத்தினா நான் ஏத்துக்க மாட்டேன். கடத்தல்காரன் முதல்ல விலைக்கு வாங்கறதே கணினி ஆளைத்தான். வீட்டு ஆள் மாத்தணும்."

"நான் கையெழுத்துப் போடறேன்."

"காகிதத்தை வெச்சு நான் என்ன பண்ண? உள்ள போய் மாத்தறது இவர் கை. பேர் தெனெசாகான்னு காட்டுது. இவர் உங்களுக்கு யாருங்க ஐயா?"

ஃபெர்மின் கிண்ணத்தோடு நெருங்கி வந்தார். லாரி ஓட்டுநர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதல் பெட்டியைக் கீழே இறக்கிவிட்டார்கள். நீல முத்திரைமேல் கத்தி நின்றது.

சொன்னால் மத்தியானத்துக்குள் பியெதாத் காதுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் தகப்பனார் பெயர் நாய் வாயில்.

"என் தம்பி மகன்," என்றார் எவெலியோ.

"அடேயப்பா!" என்றார் ஃபெர்மின். "ஊருக்கே தெரிஞ்ச மூஞ்சி. உங்க வாயால வரணும்னுதான் காத்திருந்தோம்."

ஃபாப்ரிசியோ லாரிப் படிப்பக்கம் திரும்பினான். "இதைச் சொல்ல உங்களுக்கு நாலு லாரி வேண்டியிருந்துச்சு."

"நன்றி கெட்டவனே, வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு. அராவுஸ்னே பேர் போடு. போட்டுக்கச் சொல்லிட்டேன்."

அவன் லாரிப் படியில் உட்கார்ந்து தட்டினான். அதிகாரி கைத்திரையில் சிவப்புகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. அவர் உரக்கப் படித்தார். "வீட்டு வழக்கப்படி கொசுறு, ஒரு சீப்பு. பொறுப்பு, ரெமிஹியோ அராவுஸின் மகன் ஃபாப்ரிசியோ தெனெசாகா." கத்தியை எடுக்கச் சொல்லித் தலையசைத்தார்.

"என்னடா போட்டிருக்க? அழி அதை!"

"அழிக்க முடியாது, முதலாளி. கப்பல்காரன், வாங்கறவர், எல்லார் திரையிலயும் இந்நேரம் போய் நின்னாச்சு. எங்கம்மா பேர்தான் என் பேர். உங்க பேரை நீங்களே வெச்சுக்குங்க."

கணினியை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, லாரியில் ஏறாமல், பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.

வாசல் திறந்தது. நான்கு லாரிகளும் ஒரு முத்திரைகூடக் கிழியாமல் உள்ளே போயின. எவெலியோ தொப்பியைச் சரிசெய்து, முதுகு வளையாமல் நின்று பார்த்தார். கடைசி லாரி மறைவதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது. பியெதாத். ஃபெர்மின் பார்த்துக்கொண்டிருந்ததால் எடுக்காமலிருக்க முடியவில்லை.

"ஆமா," என்றார். "நான்தான் சொன்னேன்."