கட்டைவிரலுக்கு அடியில் ரூபினி

1.
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு நகத்தில். கிளினிக்கில் என் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் விரல்நகத்தை நர்ஸ் அமுக்கினாள். வெளுத்தது. விட்டதும் சிவந்தது. "ஓகேலா" என்றாள். சிவக்காவிட்டால்? வியாபாரிகளிடையே வளர்ந்தவன் நான், இலவசமாக வரும் கேள்வியை வாங்கியிருக்கக்கூடாது. வாங்கிவிட்டேன்.

2.
"மெர்கோங்கில், மாம்பழ வாசனை வீசும் ஒரு..." (வேண்டாம். மாம்பழம் பக்கத்தைத் தின்றுவிடும்.)

பழக்கடைக் குணாளன் மனைவி ரூபினியின் நெற்றியைத் தொட்டான். சூடில்லை. டிங்கிக் காய்ச்சல் இறங்கிவிட்டது.

"தப்பிச்சோம்லா! இன்னிக்கு பிளட் டெஸ்ட் வேணாம். நண்டு சூப் வச்சுத் தரேன்."

"வயிறு வலிக்குதுங்க."

"பட்டினி கிடந்தா வலிக்காம? நேத்து கஞ்சிய பூனைக்கு ஊத்துனது எனக்குத் தெரியாதா?"

அவன் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

3.
(ஏன் என்று சொல்லிவிடுகிறேன். மயிரைவிட மெல்லிய தந்துகிகள்தான் உடம்பின் கடைவீதி. ரத்தம் அங்கே சுவர் வழியாகவே பிராணவாயு, சர்க்கரை, நீர் எல்லாம் கொடுக்கும், கழிவை வாங்கிக்கொள்ளும். நீர் மொத்தமும் வெளியே ஓடிவிடாமல் பிடித்துவைப்பது ரத்தத்திலுள்ள புரதம், கடையை விட்டு நகராத முதலாளி. டிங்கி முற்றினால் சுவர் தளர்ந்து முதலாளியே வெளியே நடந்துவிடுவார். பின்னாலேயே நீரும். வயிற்றிலும் நெஞ்சிலும் அது தேங்கும். குழாயில் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகும், அமுக்கிய நகத்துக்குத் திரும்பி வரத் திணறும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. இது பெரும்பாலும் நடப்பது காய்ச்சல் இறங்கும் வேளையில்.)

4.
என் பத்திகள் குணாளன் காதில் விழுவதில்லை. அவனுடன் பேச எனக்கு ரூபினியின் உடம்பைத் தவிர வேறு வாயில்லை.

வாந்தி எடுக்க வைத்தேன். "நண்டு வாடை ஆவலயா?" என்றான்.

எழுந்தவளைத் தள்ளாட வைத்தேன். "படுத்தே கிடந்தா அப்படித்தான்."

நான் விலையை ஏற்றுகிறேன், அவன் குறைக்கிறான். அவளைக் காப்பாற்ற அவளையே இன்னும் கொஞ்சம்... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.)

ஆறுதலுக்கு அவள் கையைப் பிடித்தான். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் ஜில்லென்று, ஈரமாக இருந்தது. முதல்முறையாக அவன் சிரிப்பு நின்றது. கிளினிக்கில் நர்ஸ் அவளுக்குச் செய்தது ஞாபகம் வந்து, கட்டைவிரலால் அவள் நகத்தை அமுக்கினான்.

"பழத்த யாராச்சும் அமுக்குனா அந்தக் கத்து கத்துவீங்க," என்றாள் ரூபினி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

5.
முடிவு அ: விரலை எடுத்ததும் சிவந்துவிடுகிறது. நிம்மதியாகச் சூப்பைச் சுட வைக்கிறான். (சில நாள் நகமும் கடைசிவரை நல்லபிள்ளையாகத்தான் நடிக்கும். இந்த முடிவை அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: வெகுநேரம் சிவக்கவேயில்லை. "காடில ஏறு! ஆஸ்பத்திரிக்குப் போவோம்!" என்று கார்ச் சாவியோடு அலறுகிறான். ஆனால் பாதி வழியில்... (இதையும் அடித்துவிட்டேன்.)

அவன் பயப்படும் அளவுக்குத் தாமதிக்க வேண்டும். அவள் பிழைக்கும் அளவுக்குச் சீக்கிரம் சிவக்கவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விலை இருக்கிறது. எத்தனையோ பேரங்களைப் பார்த்த எனக்கு இதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"விடுங்கலா... தூக்கமா வருது," என்கிறாள்.

குணாளனின் விரல் இன்னும் அவள் நகத்தின்மேல்தான் இருக்கிறது. எழுதுகிற என்னால் அதை எடுக்க முடியவில்லை. நீங்கள் எடுங்கள். யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், நாம் பேசிய நேரமெல்லாம் அவளுடையது.